பேசியே வீட்டைக் காலி செய்த டாக்டரம்மா

பழைய இரும்பு வாங்குகிறவனுக்கு வாய்தான் முதல். பாகூர் ஏரியில் கழுத்தளவு நின்று சத்தியம் செய்வேன், இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. உடைந்த மிக்ஸியை 'என்றைக்காவது உதவும்' என்று பரணில் ஏற்றுகிறவர்களோடு குடித்தனம் நடத்தும் அன்பர்களே, என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

கோழி போன வழி

செலியமேட்டில் தனபாக்கியம் வீடு. உரச்சாக்கு, ஓடாத ஃபேன், காலி டப்பா, எதையும் தூக்கிப் போடாது அந்த அம்மா. உள்ளே போன கோழி வழி தெரியாமல் அங்கேயே அடைகாத்து, குஞ்சுகளோடு கொல்லைப்புறம் வந்ததை நானே பார்த்தேன். மகள் கவிதாவுக்கோ தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர வேண்டும். ஒரு கட்டில் போட இடமில்லை, இடம் செய்தால்தான் வருவேன் என்று போனில் சொல்லிவிட்டாள். நான் வாசலில் நின்று தொண்டை கிழியக் கேட்டேன். ஒரு மூடிகூடப் பெயரவில்லை.

"இன்னாயா, என் வூட்ட பாத்தா காயலாங்கடை மாதிரியா கீது?"

புருஷன் செய்த வேலை

தனபாக்கியம் கரையாம்புத்தூர் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, புருஷன் கோதண்டம் என்னைக் கூப்பிட்டான். வண்டி வண்டியாக ஏற்றினேன். திரும்பி வந்த அம்மா டிராக்டரோடு என் கடைக்கே வந்து அத்தனையும் வாரிக்கொண்டு போனார். என் பித்தளைக் குண்டானையும் காணோம். போய்க் கேட்டேன்.

"அது ஒண்டியா கெடந்துச்சுபா, பாவமா இருந்துச்சு. எடுத்தாந்துட்டேன்."

ஸ்கூட்டரில் வந்தவள்

அதன்பிறகு கோதண்டம் யாரிடமோ விசாரித்து ஒரு பேச்சு டாக்டரம்மாவை அழைத்து வந்தான். மருந்தில்லை, ஊசியில்லை, பேச்சுதான் வைத்தியமாம். வாராவாரம் வருவாள். ஒரு துரும்பைத் தூக்க மாட்டாள். நான் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தேன். மூடியில்லாத ஃபிளாஸ்க்கைத் தனபாக்கியம் கையில் கொடுத்து, "இது போயிட்டா இன்னா ஆயிடும்னு பயப்படறீங்க?" என்றாள். தன்னைப் பெற்ற தாய்க்கு ஆஸ்பத்திரியில் கஞ்சி கொண்டுபோன ஃபிளாஸ்க்காம். அழுது தீர்த்துவிட்டுத் தானே அதை வாசலில் கொண்டுவந்து வைத்தார் அம்மா! எத்தனை வருஷம் வெயிலில் கத்தியிருக்கிறேன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வண்டி ஹாரனை அழுத்தினேன். டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"தாத்தா, அந்த ஹாரன நிறுத்துங்க. உங்க சத்தம் கேட்டா அவங்க வச்சத திரும்ப உள்ள தூக்கினு போறாங்க."

நானும் டாக்டரானேன்

அவளுக்கு வரும் வித்தை எனக்கு வராதா? ஒதியம்பட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் துருப்பிடித்த சைக்கிள் ஒன்று கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, குரலைக் குழைத்து, "இது போயிட்டா இன்னா ஆயிடும் சார்?" என்றேன். மனுஷர் அந்த சைக்கிளில் பெண் பார்க்கப் போனதில் ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை சொன்னார். இரண்டு பேரும் அழுதோம். பிறகு எழுந்துபோய்ச் செயினுக்கு எண்ணெய் விட்டார்.

"நல்ல வேளை வந்து ஞாபகப்படுத்தினய்யா. இனிமே இத எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

கடைசி டிரங்குப் பெட்டி

கவிதாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. கட்டில் போட வேண்டிய மூலையில், செத்துப்போன அந்தத் தாயாரின் டிரங்குப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. தனபாக்கியம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றார். டாக்டரம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தத் தாயாரைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். இவள் தோற்க வேண்டும் என்று நான் வாசலில் நின்று வேண்டாத சாமியில்லை. ஒரு சாமிக்கும் காது கேட்கவில்லை. திடீரென்று அம்மா எழுந்தார், உள்ளேயிருந்த ஒரு சேலையை மட்டும் எடுத்துக்கொண்டார், பெட்டியைத் தானே இழுத்துவந்து என் வண்டியில் வைத்தார். மறுநாள் ஆட்டோவில் வந்திறங்கிய கவிதா, கட்டிலைப் பார்த்ததும் அப்படியே சாய்ந்து படுத்துக் காலை நீட்டினாள். எனக்குத் தாங்கவில்லை. தனபாக்கியத்திடம், "இத்தினி வருஷமா நான் கேட்டனேம்மா?" என்றேன்.

"நீ தூக்கித் தூக்கி எடைதான் பாத்த. யாருதுன்னு ஒருநாளாவது கேட்டியா?"

ஊருக்கே நல்லது நடந்த அன்று ஒருவன் மட்டும் ராத்திரி சாப்பிடாமல் படுத்தான் என்று சொல்லுங்கள், அவன் யாரென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த டாக்டரம்மா காதில் விழுந்தால் வந்து உட்கார்ந்து பேசி என் கடையையும் காலி செய்துவிடுவாள்.