செட்டில்மெண்ட் வேண்டாம் என்றேன்

பயிர்க்கடனோ நகைக்கடனோ, தவணைக்கு ஒரு நாள் முன்னதாகவே கட்டிவிடுகிற ஆள் நான். அதற்காகவே ஊரில் என்னைக் கிண்டல் செய்வார்கள். "எலெக்‌ஷன் வருது, எல்லாம் தள்ளுபடி ஆயிடும். நீ ஏன் இப்படிப் பறக்குற?" என்பார்கள். பறந்துவிட்டுப் போகிறேன், உங்களுக்கு என்ன நோவுது?

அப்படிப்பட்ட என்னைத்தான் பாபநாசத்து வங்கியில் மேனேஜர் அம்மா உட்காரவைத்து, "உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மிங்க, கடன் தர முடியாது" என்றார். நடவு மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போயிருந்தேன். ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போகிற ஊர் எங்களுடையது. ஒரு மெஷின் இருந்தால் எங்கள் மூன்று ஏக்கரையும் நட்டுவிட்டு வாடகைக்கும் விடலாம். அந்த வருமானம் நிலைத்தால், பத்து வருஷமாகச் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஊரோடு வந்துவிடலாம்.

மேனேஜர் அம்மா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கொழுந்தனாரின் டிராக்டர் கடன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஜாமீன் போட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கொழுந்தன் பேனாவை நீட்டும்போது அண்ணி பேப்பரைப் படித்துப் பார்த்தால் மரியாதைக் குறைவு. நானும் மரியாதையாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வடிகட்டின முட்டாள்தனம்! அவர் ஒரு வருஷமாகத் தவணையே கட்டவில்லை.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏன் தம்பி கட்டல?"

"தள்ளுபடி வரும்ல அண்ணி. நாம விவசாயிதானே?"

சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடனுக்குத்தான் தள்ளுபடி. ஃபைனான்ஸில் வாங்கின டிராக்டருக்கு எந்த சர்க்கார் வந்து கட்டும்? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் கொழுந்தனார் சிரித்துக்கொண்டே வந்தார். பாதிப் பணம் கட்டினால் போதும், செட்டில்மெண்ட் என்று ஃபைனான்ஸ்காரர்கள் கணக்கை முடித்துக்கொள்கிறார்களாம். மாமியாருக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்காரரும் போனில், "விடு, சனியன் ஒழிஞ்சா சரி" என்றார். நான் மட்டும் திரும்ப வங்கிக்குப் போய் விசாரித்தேன். "பாதி கட்டி முடிச்சா, பாதிதான் கட்டினாங்கன்னு உங்க பேர்லயும் பல வருஷம் நிக்கும்" என்றார் மேனேஜர் அம்மா.

பணம் இல்லாமலா? கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட காசு கொழுந்தனார் கணக்கில் அப்படியே இருந்தது. மகள் காதுகுத்துக்கு வைத்திருந்தார். ஊர் பூராவும் சாப்பாடு, செண்டை மேளம், ரோட்டை மறைக்கிற பேனர். பேனரில் பெரியம்மா என்று என் படமும் இருந்தது.

"முழுசா கட்டி ரசீது கொண்டாங்க. இல்லன்னா நான் பந்தலுக்கு வர மாட்டேன்" என்றேன். வாசலில் நின்று சந்தனம் குங்குமம் கொடுக்க வேண்டிய மூத்த மருமகள் இல்லையென்றால், வருகிறவர்கள் எல்லாரும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள்.

"ஒரு கையெழுத்துக்காகவா குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கிற?" என்று கத்தினார் மாமியார்.

"ஆமா அத்தை. அது என் கையெழுத்து."

ராத்திரி வீட்டுக்காரர் போன் போட்டு, "பிடிவாதம் பிடிக்காத" என்றார். "பிடிப்பேங்க. நீங்க வீடு வந்து சேரணும்னுதான் பிடிக்கிறேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கொழுந்தனார் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வீசினார். முழுத் தொகையும் கட்டியாயிற்று, பாக்கி இல்லை என்று இருந்தது. வரி விடாமல் இரண்டு தடவை படித்தேன். செண்டை மேளம் ரத்தாகிவிட்டது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஓரகத்தி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும் என்று பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஸ்கோர் உடனே ஏறிவிடவில்லை. அந்தச் சம்பாவுக்கு மெஷின் இல்லை. ஆளுக்கு அலைந்து அரை ஏக்கர் நாற்று வீணாய்ப் போனது, வயிறு எரிந்தது. என் நகைக்கடனையும் பயிர்க்கடனையும் வழக்கம்போல முன்னதாகவே கட்டிக்கொண்டிருந்தேன். மாதாமாதம் போய் ஸ்கோர் கேட்டதில் வங்கிக் காவலாளி எனக்கு வணக்கம் வைக்கப் பழகிவிட்டார். பத்தாவது மாதம் மேனேஜர் அம்மா கடன் ஃபாரத்தை எடுத்து வைத்தார். "ஜாமீனுக்கு யாரையாச்சும் கூட்டிட்டு வரணுங்களா?" என்று கேட்டேன். "யாரும் வேணாம்மா, நீங்க போதும்" என்றார்.

மெஷின் வந்த முதல் சம்பாவிலேயே அக்கம்பக்கத்து வயல்களுக்கெல்லாம் வரிசையாக ஓடியது. கடைசி வயலை நட்டு முடித்து, சேற்றுக் காலோடு வரப்பில் நின்று சிங்கப்பூருக்குப் போன் போட்டேன்.

"டிக்கெட் போடுங்க."

"எத்தனை நாள் லீவு கேக்கட்டும்?" என்றார்.

"லீவெல்லாம் கேக்காதீங்க. வேலைய விட்டுட்டு வாங்க."