டாக்டரிடம் நான் சொன்னவை

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். ரேஷன் கார்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் அவன் பெண். அப்பாவும் அம்மாவும் அவனைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அவனுக்கு நான்கு வயது இளையவள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது மட்டும் 'அண்ணா' என்பேன். அப்படிக் கூப்பிடச் சொல்லி அவன் கேட்டபோது எனக்கு ஏழு வயது. ஏன் என்று நான் கேட்கவில்லை. பார்க்க அப்படித்தான் இருந்தான், கூப்பிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில், அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அண்ணன் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். எங்கள் வரிசையில் யாருடைய சைக்கிள் செயின் கழன்றாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து ஸ்பானரைத் திருப்புவான். உள்ளே மார்பைச் சுற்றி, அப்பாவின் கால் சுளுக்குக்கு வாங்கிய பேண்டேஜ் துணியை இறுக்கிக் கட்டியிருப்பான். அது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் கத்தரியைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போன அம்மா, அவன் தன் பின்னலை அடியோடு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீடுகளெல்லாம் கூடிவிட்டன. அப்பா அடிக்கவில்லை. அவர் யாரையும் அடித்தவரில்லை. தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டார். அவர்கள் அம்பத்தூரில் இருந்த ஒரு மனநல டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள்.

அண்ணன் சந்தோஷமாகத்தான் கிளம்பினான். "மனசு டாக்டர்னா நாம சொல்றதெல்லாம் கேப்பாரு. அவருக்கு இதப் பத்தித் தெரிஞ்சிருக்கும். அவரு சொன்னா அப்பாவும் ஒத்துப்பாரு" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் மனப்பாடம் செய்தான்.

டாக்டரின் அறை ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. வெளிநாட்டில் படித்தவர். மெதுவாகப் பேசுவார், எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தான் உட்காருவார். அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது அண்ணனின் முகம் கழுவிவிட்டது போல இருந்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாரு" என்று என் காதில் சொன்னான்.

பிறகு எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். அண்ணன் சொன்னதை அப்படியே, அவன் எதிரிலேயே, அப்பாவிடம் வாசித்தார். ஸ்கூல் டீச்சர் மேல் அவனுக்கு இருந்த ஆசை வரைக்கும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல கை தட்டிக் காசு கேக்குறாங்களே, அந்த மாதிரி கேஸ் இல்ல இது. ஆம்பளைங்கள்லதான் அப்படி வரும். அதுங்கள ஒண்ணும் பண்ண முடியாது. பொண்ணுங்களுக்கு அப்படி ஒரு வியாதியே கிடையாது. ஆம்பளப் புள்ள மாதிரி வளத்துட்டீங்க, அதான். சரி பண்ணிடலாம்."

அப்பா அவரைக் கைகூப்பிக் கும்பிட்டார். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு சாக்லேட் கொடுத்தார்.

"வீட்ல அவள நீ எப்படிமா கூப்பிடுவ?"

நான் சாக்லேட்டைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தேன்.

"உங்க அக்கா நல்லாயிடணும்னுதானே கேக்குறேன்?"

"அண்ணான்னு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீ அப்படிக் கூப்பிடக் கூப்பிட அவ வியாதி ஜாஸ்தியாவுது. உனக்குத் தெரியாம நீயே அவளுக்கு விஷம் குடுக்குற. இனிமே அக்கான்னுதான் கூப்பிடணும். அவ என்ன பண்றா, எப்படி உக்கார்றா, எல்லாத்தையும் பாத்து எனக்கு வந்து சொல்லணும். நீதான் எனக்கு அசிஸ்டென்ட்."

எனக்குப் பதின்மூன்று வயது. அவ்வளவு படித்த ஒருவர் என்னை அசிஸ்டென்ட் என்றது பெருமையாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் 'அக்கா' என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பான். இரண்டாவது முறை கூப்பிட்டபோது திரும்பி என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு பல வருஷம் என்னிடம் எதையும் சொன்னதில்லை.

வாரா வாரம் நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்ததைச் சொன்னேன். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததைச் சொன்னேன். பேண்டேஜ் துணி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருப்பதையும் சொன்னேன். அன்றைக்கே அம்மா அதை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள்.

முதலில் மாத்திரைகள் வந்தன. அவன் நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. கை நடுங்கி ஸ்பானர் நழுவியது. பிறகு அதே டாக்டர் போய் வரும் ஒரு நர்சிங் ஹோமில் கரண்ட் வைத்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். மொத்தம் எட்டு முறை. முடிந்து வெளியே கூட்டி வரும்போது வாயோரம் எச்சில் வழியும், எங்கே இருக்கிறோம் என்று கேட்பான். அங்கே பெருக்கித் துடைக்கும் அம்மா ஒருத்தி, ஒரு நாள் அவன் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்:

"இன்னாத்துக்கு நைனா இந்தப் புள்ளய இட்டுகினு வந்து இட்டுகினு வந்து இப்டி நோவடிக்கிற? அதுக்கு இன்னா நோவு கீது? சும்மா உட்டா அது பாட்டுக்கு இருக்கும்."

"டாக்டருக்குத் தெரியாதாம்மா?" என்றார் அப்பா. அத்தனை வருஷத்தில் அவனுக்கு ஒரு நோயும் இல்லை என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

பரீட்சையில் அவன் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். படித்ததெல்லாம் போயிருந்தது. பக்கத்துத் தெருவுக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாமல் நின்றான். ஆனால் முடி வளர்ந்திருந்தது. டாக்டருக்குத் திருப்தி. "நல்ல இம்ப்ரூவ்மென்ட். இனி கல்யாணம் பண்ணிடுங்க, மீதியும் தானா சரியாயிடும்."

திருமழிசையில் இருந்து மாப்பிள்ளை வந்தார். பதினோராவது நாள் அவரே அண்ணனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். கத்தவில்லை, திட்டவில்லை. "அது ராவெல்லாம் மூலைல குந்திகினு நடுங்குதுங்க. எனக்குப் பாவமாக் கீது" என்றார். அப்பா டாக்டரிடம் ஓடினார். டாக்டர் கோப்பில் ஏதோ எழுதி மூடி, அப்பாவிடமே கொடுத்துவிட்டார். "பேஷண்ட் ஒத்துழைக்கலைன்னா நான் என்ன செய்ய முடியும்?"

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஓய்வு பெற்று, நாங்கள் திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்திருந்தோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அண்ணன் நைட்டி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். யாரும் சொல்லாமலே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வான். காலம் மாறியிருக்கும், இப்போதுள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, நானே அவனை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். பெண் டாக்டர், என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவராக இருப்பார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

அவர் மாணவர்களைக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"ஆம்பளன்னு நெனச்சுக்கிறியா? சரி, ஆம்பள மாதிரி நடந்து காட்டு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. நல்லதுக்குத்தான் கேட்கிறார்கள் என்று அப்போதும் ஒரு பக்கம் நம்பினேன். அவன் நடந்தான். மாத்திரையில் கால் இழுத்தது. ஒரு பையன் சிரிப்பை அடக்க நோட்டால் முகத்தை மூடினான்.

திரும்பி வரும்போது ரயில் அம்பத்தூரைத் தாண்டியது. இறங்கும் முன் சொன்னான். "இனிமே என்னை எந்த டாக்டர்கிட்டயும் இட்டுக்கினு போவாத." பல வருஷம் கழித்து என்னிடம் அவன் கேட்ட ஒன்று அது.

அடுத்த மாதம் ஒரு காலை, பால் வாங்கப் போன அம்மா திரும்பி வந்தபோது அவன் வீட்டில் இல்லை. மாத்திரைகள் மேசையில் இருந்தன. அப்பாவின் சட்டை ஒன்றும் பேண்ட் ஒன்றும் கொடியில் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை நான்தான் எழுதினேன். பெண், மணமானவள், நீண்ட கூந்தல். போட்டோ கேட்டார்கள். பெரியவனான பிறகு எடுத்த படம் கல்யாணப் படம் ஒன்றுதான் இருந்தது. தலை நிறையப் பூவும் பட்டுப்புடவையுமாக, கண் செருகி நிற்கும் படம். டாக்டர் கொடுத்த அந்தக் கோப்பையும் அப்பா நீட்டினார். ஏட்டு அதைப் புரட்டிவிட்டு, "மெண்டல் கேஸா? அப்ப எங்கனா சுத்திகினு இருக்கும், தானா வரும்" என்றார்.

முடியை வெட்டிக்கொண்டு, சட்டை பேண்ட் போட்டு, ஆண் பெயர் சொல்லிக்கொண்டு திரிபவன் எதிரில் வந்து நின்றாலும் அந்தப் போட்டோவை வைத்து யாரால் அடையாளம் சொல்ல முடியும்? எனக்கு அது அன்றைக்கே தெரியும். 'சட்டை, பேண்ட்' என்று எழுதப் போன பேனாவை அப்பா பிடித்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு முறை, அடையாளம் தெரியாத பெண் பிணம் என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் நான் போனேன். இரண்டும் வேறு யாரோ பெற்ற பிள்ளைகள். மூன்றாவது முறை யாரும் கூப்பிடவில்லை.