எட்டாவது மாலை

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. சிம்பாங் அம்பாட்டில் எனக்கு ஒரு சின்னப் பூக்கடை. பக்கத்து டவுன் மாதா கோயில் விழாவுக்கு, அந்தக் கோயிலின் வரலாற்றைப் படங்களாக மண்டபத்தில் வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு கமிட்டி அக்கா ஒருவர் வந்தார். "பழைய ஃபாதருங்க படத்துக்கு ஏழு மாலை வேணும் மா. காலையில நீயே வந்து போட்டுரு லா" என்றார்.

நான் முருகன் கோயிலுக்குப் பூ கட்டுகிறவள். மாதா கோயிலிலிருந்து வந்த முதல் ஆர்டர் இது. எப்படியாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு.

விழாவன்று காலையில் ஏழு மாலையோடு போய்ப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்து ஜனங்கள் பால்மரம் வெட்டி முடித்து வந்து கட்டிய அத்தாப்பு ஓலைக் கொட்டகை, மழையில் அது சரிந்து கிடந்தது, பிறகு ஆளாளுக்குச் செங்கல் சுமந்து எழுப்பிய இன்றைய கட்டடம் என்று சுவர் முழுக்கப் படங்கள். கீழே வரிசையாக ஃபாதர்கள். எண்ணினால் எட்டுப் பேர்!

அக்காவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன். என் கண்ணுக்கு எப்போதும் அடுத்தவர்தான் தப்பு செய்வார். கடைக்கு ஓடிப்போய் இன்னொரு மாலையை இலவசமாகவே கட்டி வந்து போட்டேன். பழக்க தோஷத்தில் எல்லாருக்கும் சந்தனப் பொட்டும் வைத்தேன்.

பூசை முடிந்து கூட்டம் மண்டபத்துக்குள் வந்தது. முன்னால் கைத்தடியோடு வந்த பெரியவர், நேராக எட்டாவது படத்தின் முன் போய் நின்றார். இரண்டு முகத்திலும் அதே மூக்கு!

கமிட்டி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அவரு ரிட்டயரான ஃபாதர் மா! உயிரோட இருக்காருன்னுதானே ஏழுன்னு சொன்னேன்!"

படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

ஃபாதர் மாலையைக் கழற்றி, "யாரு மா கட்டினது?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மன்னிச்சிருங்க ஃபாதர்..." என்றேன்.

"மாலை நல்லாத்தானே இருக்கு. ஆளு இங்க இருக்கறப்ப படத்துக்கு எதுக்கு?" என்று தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "பொட்ட அழிக்காதீங்க. அதுலதான் கொஞ்சம் அழகா இருக்கேன்."

மண்டபமே சிரித்தது. அழுகையும் சிரிப்பும் எனக்குச் சேர்ந்தே வந்தன. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாலையோடுதான் பிரியாணி சாப்பிட்டார்.

இப்போதும் யாருடைய தப்பையாவது பிடித்துவிட்டதாக நினைத்து வாயைத் திறக்கும்போது, சோற்றில் விழுந்த மல்லிகையை எடுத்துப் போட்டுவிட்டுச் சிரித்த அந்த முகம் ஞாபகம் வருகிறது. நாலு பேர் முன்னால் என்னைத் தலைகுனிய விடாத அந்த மனசில் பாதியாவது எனக்கு வராதா என்று ஏங்குகிறேன்.