சொம்பில் கொடுத்த தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை, பனியன் ஊரான எங்கள் ஊரின் ராயபுரத்தில் என் அண்ணன் வீட்டில் தண்ணீருக்காக ஒரு சண்டை. குழாயடிச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்பதுதான் சண்டை!

வரப்போகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அண்ணன் மகள் நித்யாவைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அண்ணிக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. முறுக்கு சுட்டாயிற்று, மைசூர்பாகு வந்தாயிற்று, சோபாவுக்கு உறை மாற்றியாயிற்று. கடைசியாக, ஆளுக்கு ஒன்று என்று சின்ன சைஸ் தண்ணீர் பாட்டில்கள் ஒரு கட்டு வந்து இறங்கியது. அங்கேதான் நித்யா குறுக்கே நின்றாள்.

"பாட்டில் வேண்டாங்கம்மா. சொம்புல குடுங்க."

"சொம்புலயா? ஏன் கண்ணு, ஒரு பாட்டில் தண்ணி வாங்கி வெக்க வக்கில்லாதவங்கன்னு நம்மளைப் பேச மாட்டாங்களா? மல்லிகா, நீங்களே இவளுக்குச் சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்ல? அண்ணி பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் பாட்டில் என்பது தண்ணீர் மட்டும் இல்லையே... மரியாதை! பனியன் கம்பெனி மீட்டிங், காதுகுத்து, கல்யாணப் பந்தி — எங்கே போனாலும் இலைக்கு முன்னால் பாட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மூடியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். உனக்கு முன்னால் யாரும் இதைத் தொடவில்லை என்று அர்த்தம். ஒரு வாய் குடித்துக் கீழே வைப்போம். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. எது நம்முடையது? யோசிப்பானேன்... புதிதாக ஒன்றைத் திறந்தால் போயிற்று!

நித்யாவுக்கு இதெல்லாம் தெரியும். சொல்லப்போனால் நம்மைவிட அதிகமாகவே தெரியும். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பழைய பாட்டில்களை உருக்கி நூலாக்கி, அந்த நூலில் டி-ஷர்ட் தைத்து அனுப்புகிற ஆர்டர்கள் அவள் பொறுப்பு. அதை முதன்முதலில் அவள் சொன்னபோது நான் பாதியிலேயே கனவுக்குப் போய்விட்டேன். எங்கோ பனி கொட்டுகிற ஒரு ஊரில், நான் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் குடித்துப் போட்ட பாட்டிலை உடம்பில் மாட்டிக்கொண்டு ஒருவன் நடந்து போகிறான். அவனுக்குத் தாகம் எடுக்குமா? ராத்திரி அந்தச் சட்டையைக் கழற்றி வைத்தால் அதற்குள் ஆறு ஓடுகிற சத்தம் கேட்குமா?

"அத்தை... எங்க போயிட்டீங்க?" என்று உலுக்கினாள். "எல்லா பாட்டிலும் நூலாகறதில்லீங்கத்தை. நல்லதா பொறுக்கினது மட்டுந்தான். மிச்சமெல்லாம் சாக்கடையிலயும் ஆத்துலயும் கெடக்குது."

அதனால்தான் பாட்டில் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். அது பாதிதான். மீதிப் பாதியை, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னாள்.

"போன தடவை என்னையப் பாக்க வந்தாங்கல்லங்கத்தை, அப்பவும் அம்மா பாட்டில்தான் வெச்சாங்க. ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுட்டு, அப்பறம் சொல்றோம்னு போனாங்க. சொல்லவே இல்லை. எல்லாத் தண்ணியையும் நாந்தான் செடிக்கு ஊத்தினேன். ஊத்தறப்போ, நானும் இந்த பாட்டில் மாதிரிதானோன்னு தோணுச்சு. தெறந்து பாத்துட்டு, ஒரு வாய் குடிச்சுட்டு, அப்படியே வெச்சுட்டுப் போயிட்டாங்க..."

காய்ந்த துப்பட்டாவை மடித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். கீழே வந்து, "சொம்புலயே குடுங்கண்ணி" என்றேன். அண்ணி என்னை முறைத்தாள். பாட்டில் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கத்தான்.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை கார்த்திக், அவன் அப்பா, அம்மா. மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூர் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, வீட்டிலிருந்தபடியே. பெரியவர் நெல்லும் தென்னையுமாக வாழ்கிறவர். அண்ணி வாசலிலேயே சொம்பை நீட்டி, "வாங்க, தண்ணி குடிங்க" என்றாள்.

பெரியவர் சொம்பை வாங்கினார். அண்ணாந்தார். ஒரு சாண் உயரத்திலிருந்து தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது. உதட்டில் சொம்பு படவில்லை, சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. "ஆத்துத் தண்ணிங்களா? நல்லா இருக்குதுங்க" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் மனசு மறுபடி மிதக்க ஆரம்பித்தது. முற்றத்து வெயில் சொம்பில் பட்டு, கூரையில் ஒரு வெளிச்ச வட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்... அண்ணாந்து குடிக்கத் தெரிந்த ஊரில் ஆளுக்கொரு பாட்டில் எதற்கு? ஒரே சொம்பில் ஊரே குடிக்கலாம். எச்சில் கிடையாது, குப்பை கிடையாது. அண்ணாந்து குடிப்பதற்குப் பின்னால் யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்கிற அசிங்கமான கணக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. அந்தக் கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வித்தையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம். நாம் வித்தையைத் தொலைத்துவிட்டோம்.

நான் கூரையிலிருந்து இறங்கி வருவதற்குள் காரியம் கெட்டிருந்தது. கார்த்திக்கின் அம்மா, சொம்பிலிருந்து ஊற்றிக் கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இது கேன் தண்ணிங்களா?"

நித்யாதான் பதில் சொன்னாள். "இல்லீங்க. கார்ப்பரேஷன் தண்ணிங்க. காய்ச்சி ஆற வெச்சதுங்க."

அந்த அம்மா டம்ளரை மெதுவாக டீப்பாயில் வைத்தார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. எனக்கு ஒரு தடவை கல்லடைப்பு வந்துருச்சுங்க. அப்பயிருந்து பாட்டில் தண்ணிதான். பயமா இருக்குதுங்க."

அந்தப் பயத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? நொய்யல் ஆற்றில் ஓடுகிற சாயக் கலரைப் பார்த்து இந்த சீசனில் எந்தக் கலர் ஆர்டர் என்று சொல்லிவிடலாம் என ஜோக்கடித்த ஊர் இது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தால் அதில் வண்டி கழுவுவோம். குடிக்க மட்டும் கேனுக்குப் போன் போடுவோம். தண்ணீர்மேல் இருந்த நம்பிக்கையை நாமே சாயத்தில் முக்கி எடுத்துவிட்டு, இப்போது அதையே மூடி போட்டு விலைக்கு வாங்குகிறோம்.

அண்ணி ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துவந்தாள். 'டக்'. அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். பாட்டிலை டீப்பாயில் வைத்தார். நித்யா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

அண்ணி இன்னொரு பாட்டிலை மாப்பிள்ளையிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பாட்டிலைப் பார்த்தான், நித்யாவைப் பார்த்தான்.

"நீங்க காய்ச்சினதுங்களா?"

"ஆமாங்க."

சொம்பை எடுத்தான். அப்பாவைப் போலவே அண்ணாந்தான். பாவம்! முதல் வாய் மூக்குக்குள் போனது, இரண்டாவது காதுக்கு. மூன்றாவது மொத்தமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைமேல். இருமி, தும்மி, கண்ணெல்லாம் சிவந்து நின்றான்.

"தெரியாத வேலை எதுக்கு கண்ணு உனக்கு?" என்று அம்மா சேலைத் தலைப்பால் துடைத்தார். பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அண்ணாந்து தண்ணி குடிக்கத் தெரியாதவனுக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கறனுங்க!"

"பாட்டில்லயே குடிச்சுப் பழகிட்டனுங்க" என்றான் அவன், நித்யாவிடம் மட்டும். அப்புறம் சொம்பில் மிச்சமிருந்ததை டம்ளரில் ஊற்றி நிதானமாகக் குடித்து முடித்தான். நித்யா துண்டு எடுக்க உள்ளே ஓடினாள். அவள் சிரிப்பதை நான் பார்த்துவிட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

போகும்போது பெரியவர், "கலந்து பேசிட்டு அப்பறம் சொல்றோமுங்க" என்றார். அதே வார்த்தை! அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், சொம்புக்குச் சிபாரிசு செய்த குற்றத்துக்கு எனக்குத் தூக்குத் தண்டனையே கிடைத்திருக்கும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் வந்தது. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். அந்த அம்மாவே பேசினாராம். அண்ணி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மகளைக் கேட்டார்.

"என்ன கண்ணு சொல்றது?"

நித்யா அவசரப்படவில்லை.

"இன்னொருக்கா வரச் சொல்லுங்கப்பா. சட்டை நனையாம அண்ணாந்து குடிக்கப் பழகிட்டு வரட்டும். நானும் பாத்துட்டு அப்பறம் சொல்றேன்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே போனில் சொல்லிவிட்டார்.

தாராபுரத்தில் ஒரு வீட்டில் இப்போது தினமும் ஒரு சட்டை நனைகிறதாம்!