லாரி நாக் அடித்த வாரம்

எங்கள் அப்பாவிடம் ஒரு கிழட்டுப் பெட்ரோல் லாரி இருந்தது. வத்திராயிருப்பிலிருந்து மாங்காயும் தேங்காயும் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவரும். எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு திங்கட்கிழமை அது மேடேறுகையில் சோழியைக் குலுக்கினாற்போல் கிலுகிலுவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஊர் மெக்கானிக்குகள் டீசல் வண்டிக்குப் பழகியவர்கள். பானெட்டைத் திறந்து பார்த்து, “நாக் அடிக்குது” என்று சொல்லி மூடிவிட்டார்கள். அதைத்தானே நாங்களும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

“பெட்ரோல் வண்டின்னா எங்க அண்ணனை விட்டா ஆளு கெடையாது” என்றாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அந்த மாமாவோடு அவருக்கு ஒரு வருஷமாகப் பேச்சில்லை. ஒரு கல்யாணத்தில் மாமா கவனிக்காததால் இவர் இரண்டாம் பந்தியில் உட்கார நேர்ந்ததாம். அதோடு அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் போக்குவரத்தும் நின்றது. இப்போதோ மாமா புது வீடு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு. கூடப்பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும். அம்மா போகாவிட்டால் ஊர் வாயை யார் மூடுவது? அடுப்படியில் அவள் மூக்கை உறிஞ்சுவதை நான் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் அப்பா ஆள் அனுப்பினார். புதன்கிழமை மாமா வந்தார். பாரத்தோடு மேடேறினால்தான் சத்தம் கேட்கும் என்று தேங்காய் மூட்டைகளோடு செண்பகத்தோப்பு ரோட்டில் கிளம்பினோம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நான். இருவரும் என் மூலமாகத்தான் பேசினார்கள்.

“பாப்பா, டைமிங் முந்திப் போயிருக்குன்னு ஒங்க அப்பாட்டச் சொல்லு” என்றார் மாமா.

“சரி பண்ணத்தான் வரச் சொன்னதுன்னு ஒங்க மாமாட்டச் சொல்லு” என்றார் அப்பா.

மாமா இறங்கி, எஞ்சினில் பொறி அடிக்கும் நேரத்தை மாற்ற டிஸ்டிரிபியூட்டரை லேசாகத் திருப்புவார். அப்பா ஓட்டுவார். சத்தம் கேட்கும். மூன்றாம் தடவை மாமா எரிச்சலில் அதிகமாகவே திருப்பிவிட்டார். சத்தம் நின்றது, லாரியின் இழுவையும் நின்றது. புல்லுக்கட்டோடு வந்த சைக்கிள்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார்.

அப்பா பொறுக்க முடியாமல் கத்திவிட்டார்: “யோவ் மச்சான், என்னய்யா பண்ணி வச்சிருக்கீரு?”

“மாப்ள, ஒம்ம நெனப்பு ரோட்டுல இருக்கா, இன்னும் அந்தப் பந்தியில இருக்கா?” என்றார் மாமா.

நான் வழக்கம்போல அதை அப்பாவிடம் சொல்லத் தொடங்கினேன். “நீ செத்த சும்மா இரு!” என்றார்கள் இருவரும் சேர்ந்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வருஷத்துப் பேச்சை வீடு வரை பேசினார்கள். வாசலிலும் பானெட்டுக்குள் தலையைவிட்டுக்கொண்டு சண்டை. காபியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். டிஸ்டிரிபியூட்டரில் ஒரு குங்குமப் பொட்டு, பக்கத்தில் எஞ்சினில் ஒன்று. “அந்த ரெண்டு பொட்டும் நேருக்கு நேரா வர்ற மாதிரி வச்சுப் பாருங்களேன்” என்றாள்.

வைத்தார்கள். மேடேறியபோது லாரி மூச்சுக் காட்டவில்லை. “ஆயுத பூசையில வச்ச பொட்டு. தாயி காப்பாத்திட்டா!” என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பாவும் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அம்மா அதே லாரியில் போய்ப் பால் காய்ச்சினாள். பொங்கியதும் அழுதாள்.

ஆயுத பூஜை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எஞ்சின் சூட்டில் குங்குமம் எப்படி அத்தனை சிவப்பாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாமாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் அம்மா என்பதும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவள் விளக்கோடு லாரிப் பக்கம் எதற்குப் போனாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. சாமிக்கு மெக்கானிக் வேலையும் தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.