மூன்று அடி வாங்கிய மதில்

கேரம் பவுடரின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு விரல் நுனி கூசும். பதினொரு வயதில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பவுடரைத் தேய்த்துத் தேய்த்து நானும் தமிழரசியும் ஒரு கோடை முழுவதும் ஆடிய சீட்டுகளில் அந்த வாசனைதான் இருந்தது. அங்கே நான் சொன்னது சின்னப் பொய்தான் என்று பல வருடம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

சீட்டுகள் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தவை. மாயலோகத்துப் பிராணிகளை மோதவிடும் ஆட்டம். செத்த பிராணிக்குப் பதிலாகத் தன் கட்டிலிருந்து இன்னொன்றை எடுக்க வேண்டும், கட்டு தீர்ந்தவர் தோற்றவர். எல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. நான் இங்கிலீஷ் மீடியம், ஆட்டோ ஓட்டுநர் மகளான தமிழரசி தமிழ் மீடியம் என்பதால் 'படிச்சு சொல்ற' வேலை என்னுடையதாயிற்று. நான் படித்ததே சட்டமும் ஆயிற்று. பிராணிகளை நாங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். டிராகன், ஓநாய் போன்றவை 'பாயறது'. முகம் வைத்த கல்மதில், கண் உள்ள முள்வேலி, குன்று மாதிரி ஓர் ஆமை இவையெல்லாம் 'நிக்கறது'. இவற்றால் யாரையும் அடிக்க முடியாது, எதிரி பாயும்போது குறுக்கே நின்று அடியை வாங்கிக்கொள்ளலாம், முட்டியதுதான் சாகும், அவ்வளவுதான். பங்கு பிரித்தபோது பாய்வதையெல்லாம் நான் வைத்துக்கொண்டு, நிற்கிற ஒன்பதையும் சில அணில், குருவிகளோடு சேர்த்து அவள் தலையில் கட்டினேன். அவளானால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கல்மதிலுக்கு அவள் வைத்த பெயர் 'கொள்ளிடக்கரை'. அவர்கள் வீடு கொள்ளிடத்தை ஒட்டி இருந்தது. வெள்ளம் வருகிற வருஷம் அவள் அப்பா ஆற்றைப் பார்க்கமாட்டாராம், கரையைத்தான் போய்ப் போய்ப் பார்ப்பாராம். "கரை யாரையும் அடிக்க வேணாம், நின்னா போதும்" என்பாள். அப்படியே ஆடவும் செய்தாள். என் டிராகன்கள் ஒவ்வொன்றாகப் போய் மதிலில் முட்டிச் செத்தன, என் கட்டு கரைந்துகொண்டே வந்தது, அவள் எதுவுமே செய்யாமல் தினமும் ஜெயித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னையிலிருந்து பெரியப்பா பெண்கள் வந்தபோதுதான் அது நடந்தது. இந்த ஆட்டத்தில் என்னை அடிக்க ஆளில்லை என்று அவர்களிடம் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். அவர்கள் இருவரும் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, என் கட்டில் இரண்டே சீட்டு மிச்சம். மானம் போகப்போகிற நேரம். நான் கை நீட்டி அவளுடைய கல்மதிலை எடுத்தேன். அடியில் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. மதிலின் இடுக்கில் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று சும்மா அழகுக்காகப் போட்ட வரி. அதன் மேல் விரலை ஓட்டிப் படிப்பதுபோல், "மூணு தடவை அடி வாங்கினா இடிஞ்சு போயிடும்னு போட்டிருக்கு. நிக்கற எல்லாத்துக்கும் இதான்" என்றேன்.

தமிழரசி குனிந்து அந்த வரியையே பார்த்தாள். "நிஜமாவே அப்படியா போட்டிருக்கு?"

"ஆமா."

சீட்டை வாங்கி அந்த வரியின் மேல் தானும் ஒருமுறை விரலை ஓட்டினாள். பிறகு, "அப்ப இத்தனை நாளா நான் தப்பா ஜெயிச்சிருக்கேன்" என்று சொல்லி, மதிலையும் ஆமையையும் வேலியையும் அவளே எடுத்து ஓரமாக வைத்தாள். ஐந்து நிமிடத்தில் நான் ஜெயித்தேன்.

கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் ஒரு கை புளியங்கொட்டையோடு வந்து நின்றாள். விழுகிற ஒவ்வோர் அடிக்கும் சீட்டின் மேல் ஒரு கொட்டை வைத்து எண்ணத்தானாம். பொய் சொன்ன எனக்கு எண்ண மறந்துபோகும், அவளுக்கு மறக்காது. "நீ கவனிக்கல, இதுக்கு மூணு ஆயிடுச்சு" என்று கொள்ளிடக்கரையைத் தானே எடுத்துவிடுவாள். மிச்சக் கோடை முழுவதும் இப்படியே நான் ஜெயித்தேன். பெரியப்பா பெண்கள் சண்டை போட்டபோது அம்மா பொதுவாக, "ஆட்டத்துல பொய் சொல்றவ அகத்துலயும் சொல்லுவா" என்றாள். நான் தலை நிமிரவில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். சொன்னால் பொய்க்காரி என்ற பெயரும் வரும், மறுநாளிலிருந்து தோற்கவும் வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் துணிவில்லை. பள்ளி திறக்கும்முன் தமிழரசி வீட்டார் உறையூருக்குக் குடிபோனார்கள். பிராயச்சித்தம் செய்வதாக நினைத்து ஒன்பது சீட்டையும் அவளிடமே கொடுத்தேன். அவள் கண் கலங்கி வாங்கிக்கொண்டது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

போன மாதம் திருவானைக்காவலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளே என்னை அடையாளம் கண்டு, விடாப்பிடியாக உறையூர் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். எங்கள் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், அந்த மாடிப்படி இப்போது இல்லை என்று சொன்னேன், அவள் உச்சுக்கொட்டினாள். அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகள். அந்தப் பெண்ணிடம் புதுச் சீட்டுகள் நிறைய, நடுவில் மூலை மழுங்கிய எங்கள் ஒன்பதும்.

"அம்மா மூணு அடிக்கு மேல தாங்காதுன்றாங்க ஆன்ட்டி. புதுசுல எதுலயும் அப்படி இல்லை" என்றாள் மகள்.

"இவங்கதான் எனக்குப் படிச்சு சொன்னாங்க. இவங்களையே கேளு" என்றாள் தமிழரசி, காபி ஆற்றிக்கொண்டே.

மகள் கல்மதிலை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். பவுடரும் எங்கள் விரல்களும் தேய்த்த தேய்ப்பில் அடிவரி முழுக்க அழிந்திருந்தது. குருவியும் இல்லை, கூடும் இல்லை. இனி நான் சொல்வதுதான் அதில் எழுதியிருப்பது. தமிழரசி சிரித்த முகத்தோடு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"பழைய சீட்டுல அப்படித்தான் இருந்துது" என்றேன்.

மகள் சீட்டை என் கையிலிருந்து வாங்கி, ஆட்டத்துக்கு வெளியே, ஓரமாக வைத்தாள்.