மாரிசெல்வி மூடிய பெட்டி

என் தங்கச்சி மாரிசெல்விக்குக் கை சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டை எட்டாக மடித்து, பிரித்து, மறுபடியும் மடிப்பாள். அம்மா சோலையம்மாளுக்கு இது பெரிய குறை. எனக்கு அப்படியில்லை.

பத்தாவதில் கணக்கில் தவறிய பிறகு அவளைத் திருத்தங்கல் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சேர்த்துவிட்டோம். எட்டு மாதம் இருந்தாள். அடுத்து லேபிள் ஒட்டும் இடத்தில் ஐந்து மாதம். அப்புறம் நோட்டு பைண்டிங்கில் ஏழு மாதம். வேலை மோசம் என்று எந்த இடத்திலும் சொன்னதில்லை. ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்றுதான் சொன்னார்கள். பதினெட்டு முடிந்ததும், 2002-ல், ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கும் வேலைக்குப் போனாள். அங்கே பெட்டி நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதாலோ என்னவோ, நிலைத்துவிட்டாள்.

அந்த வருஷம்தான் சீனிவாசகம் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தார். தன் மகளுக்கு என்று ஒரு வீடியோ கேம் கொண்டுவந்திருந்தார். கைக்குள் அடங்குகிற மெஷின். இரண்டு பென்சில் செல் போட்டால் ஓடும். டி.வி.யில் சாயங்காலம் ஒரு ஜப்பான் கார்ட்டூன் வருமே, பிள்ளைகள் எல்லாம் ஸ்டிக்கர் சேர்த்துத் திரிந்தார்களே, அதில் வரும் பிராணிகள்தான் இந்த விளையாட்டிலும் வந்தன. மகளோ கார் ஓட்டுகிற விளையாட்டு இல்லை என்று தூக்கிப் போட்டுவிட்டாள். மாரிசெல்வி எடுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பலநாள் பார்த்ததில் எனக்கும் அதன் முறை பிடிபட்டது. இதயம், நட்சத்திரம், முக்கோணம் என்று படம் போட்ட கட்டங்கள் அடியிலிருந்து மேலே ஏறி வரும். ஒரே படம் மூன்று வரிசையாகச் சேர்ந்தால் மறைந்துவிடும். உச்சியில் முட்டிவிட்டால் தோல்வி. ஆனால் கட்டத்தை நினைத்த இடத்துக்குத் தூக்கி வைக்க முடியாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டை மட்டும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு நட்சத்திரத்தை நாலு கட்டம் தள்ளிக் கொண்டுபோக வேண்டுமானால் நாலு தடவை மாற்ற வேண்டும். எதிரே ஒரு பிராணி நின்று முறைத்துக்கொண்டிருக்கும். நாம் ஜெயித்தால் அது துவண்டு விழும். திரையில் விளக்கு கிடையாது என்பதால் வாசலில் வெயில் விழும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து விளையாடுவாள். குறிப்பெல்லாம் இங்கிலீஷ். ஒரு எழுத்தும் வாசிக்காமல், ஏழு மாதத்தில் கடைசிப் பிராணி வரைக்கும் போய்விட்டாள். பிறகு முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.

நான் மாரிக்கண்ணன். எட்டாவது வரை படித்தவன். ஒரு அச்சகத்தில் டை கட்டிங் பார்க்கிறேன். அச்சடித்த அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டி, மடிப்புத் தடம் போட்டுக் கொடுக்கும் வேலை. 2004 தீபாவளி சீசனுக்கு மாரிசெல்வியின் கம்பெனி எங்களிடம் பதினாறாயிரம் கிஃப்ட் பாக்ஸுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரு பெட்டியில் இருபத்தேழு அயிட்டம்.

பெட்டிக்கு அளவு எடுப்பதில் ஒரு முறை உண்டு. வெடிமருந்து உள்ள சரக்கு எதுவும் அச்சகத்துக்குள் வரக் கூடாது. அதனால் கம்பெனிக்காரர்கள் பிஜிலி, சக்கரம், பூச்சட்டி, கம்பி மத்தாப்பு எல்லாவற்றுக்குமான சின்ன அட்டைகளை வெறுமனே அனுப்புவார்கள். நாங்கள் அவற்றை மடித்து ஒட்டி, உள்ளே கழிவுத் தாளைத் திணித்து, டம்மி செய்து அடுக்கி அளப்போம். எனக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். தாளைத் திணித்தால் டம்மி கோணலாக இருக்கிறது என்று, அந்தத் தடவை நான் திணிக்கவில்லை. மூலைக்கு மூலை மட்டமாக மடித்து, இருபத்தேழையும் செங்கல் மாதிரி அடுக்கி, மில்லி பிசகாமல் அளந்தேன். நிஜச் சரக்கு நிரப்பினால் பாக்கெட்டின் வயிறு உப்பும். அந்த உப்பல் என் அளவில் இல்லை.

பதினாறாயிரமும் வெட்டி அனுப்பி மூன்றாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், மாரிசெல்வி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னாள். மூடி உட்காரவில்லை. ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவர்கள் போர்மேன் சோணைமுத்து, திங்கள் மத்தியானத்துக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் அத்தனையையும் வண்டியில் ஏற்றித் திருப்பிவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் முதலாளியும் ஆள் விட்டார். திங்கள் காலை வேனோடு போய் நீயே நின்று பார், பெட்டி திரும்பி வந்தால் நீ திரும்பி வர வேண்டாம் என்று. பதினொரு வருஷம் பார்த்த வேலை.

ஞாயிறு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அளவு எழுதிய தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவளோ வாசலில் உட்கார்ந்து அந்த மெஷினை அமுக்கிக்கொண்டே இருந்தாள். காலையில் ஆரம்பித்தது, வெயில் சுவரைத் தாண்டிய பிறகும் விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் பொழப்பு போகப் போகுது, நீ விளையாடிக்கிட்டு இருக்கியா என்று கேட்டேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "கை ஓடுனாத்தான்ணே எனக்கு யோசனை ஓடும். செத்த பேசாம இரு."

திங்கள் காலை கம்பெனி வாசலில் வாட்ச்மேன் என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துதான் உள்ளே விட்டார். பேக்கிங் ஷெட்டின் கதவோரம் நின்றேன். மாரிசெல்வி தரையில் ஒரு பெட்டியை வைத்து, இருபத்தேழு அயிட்டத்தையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவாள், கொட்டுவாள், மறுபடி அடுக்குவாள். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ மூடி உட்கார்ந்தது. விரலால் அமுக்கிப் பார்த்தேன். எழும்பவில்லை.

அவள் செய்தது இதுதான். பாக்கெட்டுக்கு வயிறுதான் உப்பும், ஓரம் உப்பாது. எப்போதும் போலப் படுக்கப் படுக்க அடுக்கினால் வயிறும் வயிறும் முட்டுகின்றன. அவள் கம்பி மத்தாப்பை முதலில் பெட்டியின் சுவரோரமாக நிறுத்தினாள். அதன் பிறகு ஒன்றின் வயிற்றுக்கு எதிரே மற்றதன் ஓரம் வருகிற மாதிரி வைத்துக்கொண்டே போனாள்.

சோணைமுத்து மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டி சரி, பதினாறாயிரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த ஷெட்டில் பதினொரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று அயிட்டம். பெட்டி ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு நகரும். அடுக்கும் முறை மாறினால் உட்காரும் வரிசையும் மாற வேண்டும். சரக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றால், கை பழகிய சரக்கை எவளும் விட மாட்டாள். இடத்தையும் விட மாட்டார்கள். முதல் இடம் ஆவுடைத்தாயுடையது. பிஜிலி வைப்பவள். கதவோரக் காற்று அவளுக்குத்தான். புது முறையில் பிஜிலி நாலாவதாக வர வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு போர்மேன் அவளை நகரச் சொன்னதில், வரிசை மொத்தமும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாம். என்னால் ஆகாதும்மா, நீயே பேசிக்கோ என்று சோணைமுத்து வெளியே வந்து நின்றுகொண்டார். மணி ஒன்பதே கால்.

மாரிசெல்வி வரிசை மாறுவதைப் பற்றி யாரிடமும் பேசவே இல்லை. உட்காராமல் வரிசையில் முன்னும் பின்னும் நடந்தாள். பெட்டிகள் ஓட ஆரம்பித்தன. மூடாத பெட்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஆவுடைத்தாயிடம் குனிந்து, இந்தப் பத்துப் பெட்டிக்கு மட்டும் வேலுத்தாயோடு இடம் மாற்றி உட்காருங்கள் என்றாள். வேலுத்தாய் பக்கத்து இடம்தான். கம்பி மத்தாப்பு வைப்பவள். ஒரு ஆள் இடம்தானே என்று ஆவுடைத்தாய் தன் சரக்கோடு நகர்ந்தாள். அதே நேரம் வரிசையின் அந்தக் கடைசியில் இரண்டு பேர் மாறினார்கள். பிறகு நடுவில் இரண்டு பேர். எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர்தான். அரை மணிக்கு ஒரு தடவை, ஏதாவது ஒரு சாக்கு. இந்தப் பெட்டி சாய்கிறது, அந்தப் பெட்டியில் சக்கரம் உருளுகிறது. யாருக்கும் தான் தூரமாகப் போன மாதிரித் தோன்றவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஞாயிற்றுக்கிழமை அவள் எதை யோசித்தாள் என்று. வெளியே எங்கள் வேன்காரர் ஏற்றலாமா வேண்டாமா என்று என்னை மூன்று தடவை கேட்டுவிட்டார். மணி பதினொன்றரை. ஒதுக்கி வைத்த பெட்டி இருநூறுக்கு மேல் இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு வந்த பெட்டி தானாக மூடிக்கொண்டது. அடுத்ததும் மூடியது. அதற்கடுத்ததும்.

அந்த நேரம் பார்த்து ஆவுடைத்தாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். காற்று வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கதவு மூன்று ஆளுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"ஏட்டி செல்வி, என்னைய எங்கன கொண்டாந்து போட்டிருக்க?"

கை எல்லாம் நின்றது. பெட்டியும் நின்றது. வாசலில் சோணைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நான் எங்க பெரியம்மா கொண்டாந்தேன்? நீங்களா ஒவ்வொரு இடமா வந்தீக."

"களவாணி. வாழப்பழத்துல குண்டூசி ஏத்துன மாதிரி ஏத்தியிருக்காளே." பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை. தன் முன்னால் வந்து நின்ற பெட்டியை எட்டிப் பார்த்தாள். வேலுத்தாய் நிறுத்தியிருந்த கம்பி மத்தாப்பையும் அதை ஒட்டி வந்திருந்த சக்கரத்தையும் பார்த்தாள். பிஜிலிக் கட்டை எடுத்து, விட்டிருந்த இடத்தில் செருகினாள். சிக்கென்று போயிற்று. எடுத்துவிட்டு மறுபடியும் செருகிப் பார்த்தாள்.

பிறகு தன் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே ஒரு பக்கக் கதவு இருந்தது. அதை மறைத்து எங்கள் அட்டைகள்தான் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. "அதை எடுத்துட்டுக் கதவைத் திறக்கச் சொல்லு. காத்து வந்தா இருப்பேன். வரலேன்னா என் இடத்துக்குப் போயிருவேன்."

அட்டைக் கட்டுகளை நானே தூக்கினேன். நாற்பது கட்டு. மாரிசெல்வி கூடவே ஓடி ஓடி எடுத்தாள். கதவைத் திறந்ததும் வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வெக்கையோடுதான் காற்று வந்தது. ஆனாலும் வந்தது. ஆவுடைத்தாய் அடுத்த பெட்டியை இழுத்தாள்.

வேன் காலியாகத் திரும்பியது. பதினாறாயிரம் பெட்டியும் ஒன்பது நாளில் லோடு ஏறியது. நான் செய்த தப்பை அன்று சாயங்காலமே முதலாளியிடம் சொன்னேன். திட்டினார், அனுப்பவில்லை.

அடுத்த வருஷம் வைகாசியில் புதுப் பெட்டிக்கு ஆர்டர் வந்தது. இந்தத் தடவை கம்பெனி வெறும் அட்டைகளை அனுப்பவில்லை. மாரிசெல்வியை அனுப்பியது. சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குள் வந்து, என் மேஜைமேல் இருபத்தொன்பது பாக்கெட்டுகளைக் கொட்டினாள். எல்லாவற்றுக்கும் வயிறு உப்பியிருந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தவிடு. மருந்துக்குப் பதில் அதே உப்பலுக்கு அவளே நிரப்பியிருந்தாள்.

"இதை வச்சு அளண்ணே. உன் சுத்தமெல்லாம் அட்டை வெட்டும்போது காட்டு."

பிரஸ்ஸில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கச்சி என்று சொன்னேன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு தடவை அளந்து எழுதினேன். எழுதிக் காட்டலாம் என்று திரும்புவதற்குள் அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.